பார்வை நன்றாக இருக்கும்போது விழித்திரைப் படம் எதற்கு?

அம்மாவுக்கு 63 வயது, கண்ணாடி போட்டால் எல்லாம் படிக்கிறார், அப்புறம் எதற்கு விழித்திரையைப் படம் எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அது தேவையில்லாத செலவு என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நானும் அப்படி நினைத்தவன்தான். படத்தை எடுத்துவிடுங்கள்.

அப்பா ஒருநாள் ஜன்னல் கம்பி நடுவில் வளைந்திருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. பவர் மாறியிருக்கும் என்று கண்ணாடியை மாற்றினோம், எட்டு மாதத்தில் மறுபடியும் மாற்றினோம். இரண்டு தடவையும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னதோடு சரி, சொட்டு மருந்து விட்டு யாரும் உள்ளே பார்க்கவில்லை. இடது கண்ணின் குறையை வலது கண் மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தவர், "காது தெரியுது, முடி தெரியுது, மூஞ்சி இருக்கற இடத்துல கறை மாதிரி இருக்குப்பா" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஓசிடி என்கிற விழித்திரைப் படம் எடுத்தார்கள். தாடையை வைத்து ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கதிர்வீச்சு கிடையாது, வெறும் ஒளியைக் கொண்டே விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவாட்டில் காட்டிவிடுகிறது. இடது கண்ணில் மாக்குலாவுக்கு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதிக்கு, அடியில் நீர் கோத்திருந்தது, வயதானால் அந்த நடுப்பகுதி சிதையும் நோயின் ஈர வகை. கண்ணுக்குள் ஊசி போட்டு மேலும் கெடாமல் நிறுத்தினார்கள், போன நடுப்பார்வை திரும்பவில்லை. அவர் நல்ல கண் என்று நம்பியிருந்த வலது கண்ணிலும் ட்ரூசன் என்கிற மஞ்சள் படிவுகள் இருந்தன, அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியாமலே. உங்கள் கேள்விக்குப் பதில் அந்த வலது கண்தான். இந்த இடைநிலையில் பிடித்தால், குறிப்பிட்ட வைட்டமின், துத்தநாக மாத்திரைகள் நோய் முற்றும் வாய்ப்பைச் சுமார் 25 சதவீதம் குறைக்கும் என்று 2001-இல் வந்த ஏரெட்ஸ் ஆய்வு காட்டியது. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள், பழைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டின் புகைப்பவர்களுக்கு ஆகாது.

நான் டாக்டர் இல்லை, மெஷின் விற்பவனும் இல்லை. மருந்து விட்டு நேரில் பார்த்தாலே ட்ரூசன் தெரியுமே என்று யாராவது வருவீர்கள். தெரியும், மறுக்கவில்லை. ஆனால் படம் கையில் இருந்தால்தான் அடுத்த வருடம் அதோடு ஒப்பிட முடியும்.

  

இன்றைக்கே அம்மாவைக் கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்து தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், நேராக விழித்திரை மருத்துவரிடம் போங்கள்.