மேடையில் நாயகியாக ஆடாதவர் பாலே கற்பிக்கலாமா?

மகளின் பாலே ஆசிரியை பெரிய அரங்குகளில் நாயகி வேடம் ஏற்றவர் அல்லர் என்பதால், அவரிடமே தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் தொடருங்கள். யாரோ அவரைக் குறைத்துப் பேசியதால்தான் உங்களுக்கு இந்த ஐயம் எழுந்திருக்கும் என்று எண்ணுகிறேன். பதினொரு ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் என்னிடமும் பெற்றோர் இதையே கேட்கிறார்கள்.

ரஷ்ய நடனக் கலைஞர் அக்ரிப்பினா வகானோவா 1897இல் பீட்டர்ஸ்பர்க் பாலே பள்ளியில் தேறி அந்நகரின் மரீன்ஸ்கி அரங்கில் சேர்ந்தார். நாயகி நிலை ஆடுநருக்குரிய 'பாலெரினா' என்ற பட்டம் அவருக்கு 1915இல்தான் கிடைத்தது; மறு ஆண்டே மேடையை விட்டு விலகினார். அந்த நீண்ட காத்திருப்பில், இத்தாலியப் பயிற்சி பெற்றவர்களின் சுழற்சிக்கு உறுதி எங்கிருந்து வருகிறது என்பதைக் கூர்ந்து பார்த்து, அதனைப் பிரெஞ்சு மரபின் மென்மையோடு இணைத்துத் தமக்கென ஒரு கற்பித்தல் முறையை வகுத்து, 1934இல் நூலாகவும் வெளியிட்டார். மரீனா செம்யோனோவா, கலீனா உலானோவா, நத்தாலியா துதீன்ஸ்கயா ஆகிய புகழ்பெற்ற நடனக் கலைஞர்கள் மூவரும் அவர் வகுப்பில் உருவானவர்கள்.

மேடைப் புகழ் வேறு, கற்பிக்கும் திறன் வேறு என்பதை நான் என் உடம்பிலேயே அறிந்தேன். இருபத்திரண்டு வயதில் தொடங்கிய எனக்கு முதலில் வாய்த்தவர் மேடையில் புகழ்பெற்றவர். பிருவெட் எனும் ஒற்றைக்கால் சுழற்சியில் சுழலும்போது நான் சாய்ந்தால், "மறுபடி செய்" என்பதைத் தவிர அவரிடம் வேறு சொல் இருந்ததில்லை. இரண்டு ஆண்டுகள் சாய்ந்துகொண்டே இருந்தேன். பிறகு வந்த ஆசிரியை வாழ்நாள் முழுதும் குழு ஆட்டத்தில் மட்டும் ஆடியவர். வகானோவா முறையில் பயின்றவர். அவர் என் கால்களைப் பார்க்கவே இல்லை. தோள்பட்டை எலும்பின் கீழே உள்ளங்கையை வைத்து, இடக்கை தாமதமாக மூடுவதால்தான் முதுகு பின்தங்குகிறது என்றார். மூன்று வாரங்கள் காற்பங்குச் சுற்று, அரைச் சுற்று மட்டுமே செய்யவைத்தார். நான்காம் வாரம் சாயாமல் இரண்டு சுற்று வந்தது. அன்று வகுப்பிலேயே அழுதுவிட்டேன்.

மேடை அனுபவம் வீண் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். 1890இல் 'உறங்கும் அழகி' பாலேயின் முதல் அரங்கேற்றத்தில் நீலப்பறவையாகவும் கரபோஸ் எனும் தீய தேவதையாகவும் ஆடிய இத்தாலியர் என்ரிக்கோ செக்கெட்டி, புகழ்பெற்ற ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவுக்கே ஆசிரியராக விளங்கினார். இரண்டும் ஒருவரிடம் அமைவது உண்டு. ஆனால் ஒன்றிருந்தால் மற்றதும் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் என் இரண்டு ஆண்டுகள் போயின.

ஒருநாள் அனுமதி கேட்டு வகுப்பில் உட்காருங்கள். உங்கள் மகள் தடுமாறும் கணத்தில், ஆசிரியை அவள் உடலில் எந்த இடத்தைப் பார்க்கிறார், காரணம் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.