வீட்டில் பாட்டு ரெக்கார்டிங் செய்ய அனலாக் மிக்சர் வாங்கலாமா, ஃபேடர் கண்ட்ரோலர் வாங்கலாமா?

நீங்கள் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால் நிலைமை இதுதான். லேப்டாப் இருக்கிறது, சொந்தமாகப் பாட்டு போடுகிறீர்கள், குரலும் கீபோர்டும் உங்களுடையது, அவ்வப்போது நண்பர் மிருதங்கத்தோடு வந்து உங்கள் கூடவே வாசிக்கிறார். மவுஸைப் பிடித்துப் பிடித்து மிக்ஸ் செய்து அலுத்துவிட்டது, கையால் தள்ளிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஃபேடர் வேண்டும். கடைக்காரர் 12 சேனல் யூஎஸ்பி மிக்சரைக் காட்டுகிறார், தெரிந்தவர் கண்ட்ரோலர் வாங்கச் சொல்கிறார்.

உங்களுக்கு அனலாக் மிக்சர் வேண்டாம் என்பது என் பதில். நான்கு மைக் ப்ரீஆம்ப் உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைச் சொருகிச் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் பெட்டி) வாங்குங்கள், அதன் பிறகு மோட்டார் வைத்த ஒற்றை ஃபேடர் கண்ட்ரோலர். இந்த வரிசையிலேயே வாங்குங்கள். பல வருடமாக வீட்டு அறையிலேயே பாட்டு, பஜனை, கச்சேரிப் பயிற்சி என்று பதிவு செய்து வருகிறேன், இரண்டு சாமானையும் போதுமான அளவு புழங்கியிருக்கிறேன், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். மிக்சருக்குள் சத்தம் ஓடுகிறது. மைக்கிலிருந்து வரும் சிக்னல் ப்ரீஆம்பில் பெரிதாகி, தடித்த, கூர்மையான ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ வழியாக வந்து, ஃபேடரில் கூடிக் குறைந்து, கடைசியில் எல்லாம் கலந்து இடது வலது என்று இரண்டு தடமாக வெளியே போகிறது. கண்ட்ரோலருக்குள் சத்தம் என்பதே கிடையாது. நீங்கள் ஃபேடரைத் தள்ளினால் ‘மூன்றாவது ட்ராக்கை இவ்வளவு குறை’ என்று ஒரு கட்டளை யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும், அவ்வளவுதான். பின்னால் மைக் சொருக இடமே இருக்காது. கண்ட்ரோலரை வாங்கி வந்த பிறகு மைக் எங்கே சொருகுவது என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர், அதனால்தான் இன்டர்ஃபேஸ் முதலில் என்றேன். (சிலர் கம்ப்யூட்டருக்குக் கட்டளை அனுப்பும் மிடி கீபோர்டையும் கண்ட்ரோலர் என்றே சொல்வார்கள், இங்கே நான் பேசுவது ஃபேடர் உள்ளதை மட்டும்.)

ஆக, உங்கள் பாட்டு எங்கே கலக்கப்படுகிறது என்று பாருங்கள். நீங்கள் லேப்டாப்பில் மிக்ஸ் செய்கிறீர்கள், அதை விடப் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மிக்சரின் ஃபேடர்கள் பதிவு செய்யும்போது மட்டும்தான் உதவும். பதிவு முடிந்து மிக்ஸ் செய்ய உட்கார்ந்ததும் அவற்றுக்கும் திரையில் உள்ள ட்ராக்குகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, மறுபடி மவுஸ்தான். உங்கள் குறையே மவுஸ்தானே.

இப்போது கடைக்காரர் காட்டிய ‘12 சேனல் யூஎஸ்பி’ விஷயத்துக்கு வருகிறேன், பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். யூஎஸ்பி என்று எழுதியிருப்பதைப் பார்த்து 12 சேனலும் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும் என்று நினைத்துவிடுகிறோம். நடுத்தர விலை மிக்சர்களில் பெரும்பாலானவற்றில் அது நடக்காது, கலந்து முடிந்த இரண்டு தடம் மட்டும்தான் போகும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல மிக்சர், குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதன் யூஎஸ்பி 2 உள்ளே 2 வெளியே. பெயரில் உள்ள 10 கூட லைன் உள்ளீட்டின் (கீபோர்டு மாதிரிக் கருவிகளைச் சொருகுவது) கணக்கு, ஸ்டீரியோ ஜோடிகளை இரண்டு இரண்டாக எண்ணி வந்தது. மைக் உள்ளீடு 4 தான்.

இரண்டு தடமாகப் போனால் என்ன என்று கேட்கலாம். உங்கள் நண்பர் மிருதங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒரு மைக், உங்கள் குரலுக்கு ஒன்று. தொப்பியில் ரவை பூசி அவர் கும்கி (கையை அழுத்தி வழுக்கி எழுப்பும் அடிநாதம்) கொடுக்கும்போது அறையில் பிரமாதமாக இருக்கும், பதிவில் கேட்டால் அந்த அடிநாதம் கொஞ்சம் கூடிப்போய்ப் பாடலின் சொல்லை மூடும். வலந்தலையில் சாப்பு என்ற அடி நறுக்கென்று விழவேண்டும், அதற்காக உயர் அதிர்வெண்களைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். மூன்றும் தனித்தனி ட்ராக்காக இருந்தால் இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. மிக்சரிலேயே கலந்து இரண்டு தடமாக வந்துவிட்டால் தொப்பியைக் குறைக்கப் போய்க் கீபோர்டின் இடது கை மெலிந்துவிடும், சாப்பைத் தூக்கினால் உங்கள் குரலில் ‘ச’வும் ‘ஸ’வும் சீறும். கலந்ததைப் பிரித்துத் தர இப்போது மென்பொருள்கள் இருக்கின்றன என்பார்கள், ஒரே அறையில் வாசித்துப் பாடிய பதிவில் அதை நம்பி இறங்காதீர்கள்.

சேனல் எல்லாம் தனித்தனியாகப் போகிற அனலாக் மிக்சர்களும் உண்டு. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே அப்படிப்பட்டது, 14 தடம் கம்ப்யூட்டருக்குப் போகும், 12 திரும்பி வரும். பெயரின் கடைசியில் அந்த ‘எம்டிகே’ இல்லாத சிக்னேச்சர் 12 வாங்கினால் மறுபடி இரண்டு தடம்தான், வெளியே பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்று. டாஸ்காம் மாடல் 12 இன்னொன்று, எஸ்டி கார்டிலேயே 12 ட்ராக் பதிவாகும், கம்ப்யூட்டர் மென்பொருளைக் கட்டுப்படுத்தும் வசதியும் அதில் உண்டு, மோட்டார் கிடையாது. இதில் இன்னொரு சங்கதி, பல மல்ட்டிட்ராக் மிக்சர்களில் ஈக்யூவுக்கு முன்னாலேயே சிக்னலை எடுத்து யூஎஸ்பிக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் அரை மணி நேரம் ஈக்யூ திருகுகளைத் திருப்பி அழகு பார்த்ததெல்லாம் ஸ்பீக்கரில் கேட்கும், பதிவில் இருக்காது. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் அனலாக் ஈக்யூ வேண்டும் என்பதற்காகவே வாங்குகிறவர் கையேட்டில் அந்தச் சிக்னல் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கவேண்டும்.

‘அனலாக் என்றால் சத்தம் வெதுவெதுப்பாக இருக்குமே’ என்று அடுத்து கேட்பீர்கள். அந்தக் குணம் பொய்யில்லை. நீவ் 1073 மாதிரியான ப்ரீஆம்புகளில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் சத்தத்துக்கு ஒரு தடிமன் சேரும், கேட்கவே சுகமாக இருக்கும், அதற்காகப் பெரிய ஸ்டூடியோக்கள் கொடுக்கிற விலை நியாயமானது. ஆனால் நாம் வாங்குகிற விலையில் உள்ள மிக்சருக்குள் அந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, ஆப்-ஆம்ப் சில்லுகள்தான். எதையும் சேர்க்காமல் சுத்தமாகக் கடத்துவதற்கென்றே வடிவமைத்தது, உங்கள் இன்டர்ஃபேஸுக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட அதே ரகம். கம்ப்யூட்டருக்குள் ட்ராக்குகளைக் கூட்டுவதால் சத்தம் கெட்டுப்போகிறது என்பதும் சரியில்லை, இன்றைய மென்பொருள்கள் 32 பிட் அல்லது 64 பிட் மிதவைக் கணக்கில் (ஃப்ளோட்டிங் பாயிண்ட்) கூட்டுகின்றன, அங்கே இழப்பதற்கு எதுவும் இல்லை.

பிடிவாதமாக அனலாக்கில்தான் மிக்ஸ் செய்வேன் என்றால் செலவு மிக்சரோடு நிற்காது. எட்டு ட்ராக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து மிக்சருக்குக் கொண்டுவர எட்டு வெளியீடு உள்ள இன்டர்ஃபேஸ், எட்டு கேபிள், கலந்ததைத் திரும்பப் பதிவு செய்ய இரண்டு உள்ளீடு, எல்லாம் வேண்டும். அப்புறம் திருத்தம். இரண்டு வாரம் கழித்துப் பாடியவர் போன் செய்து ‘அண்ணா, சரணத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்களேன்’ என்பார். கம்ப்யூட்டரில் இருந்தால் கோப்பைத் திறந்து, தூக்கி, அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகலாம். மிக்சரில் செய்திருந்தால் அதற்குள் அதில் வேறு இரண்டு பாட்டு ஓடியிருக்கும், எந்தத் திருகு எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்து வைத்திருந்தாலும் பழைய மிக்ஸ் அப்படியே திரும்ப வராது. 80களில் எஸ்எஸ்எல் 4000 இ வரிசை கன்சோல்கள் (பெரிய ஸ்டூடியோ மிக்சர்கள்) புகழ்பெற்றதில் இந்தத் தலைவலிக்கும் பங்கு உண்டு. டோட்டல் ரீகால் என்று ஒரு வசதி, திருகுகளின் நிலையைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துத் திரையில் காட்டும், உதவியாளர் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் திருப்பி வைப்பார். அவ்வளவு பெரிய கன்சோலுக்கே அந்தப் பாடு.

கண்ட்ரோலரில் மோட்டார் வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், அது இல்லாவிட்டால் கையும் திரையும் ஒத்துப்போகாது. கோர்க் நானோகண்ட்ரோல்2 மலிவு, சின்னது, 8 ஃபேடர், பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் திரையில் குரல் ட்ராக் மேலே இருக்கும், கையிலுள்ள ஃபேடர் கீழே கிடக்கும், தொட்ட மாத்திரத்தில் சத்தம் தொப்பென்று விழும், அல்லது ஃபேடர் அந்த இடத்தைத் தாண்டும் வரை ஒன்றுமே நடக்காது. தவிர சாதாரண மிடி ஃபேடரில் 0 முதல் 127 வரை 128 படிகள்தான், குரலை இம்மி இம்மியாக இழைக்கும்போது அது காதில் தட்டுப்படலாம். மேக்கி கண்ட்ரோல் என்ற தொடர்பு முறையில் ஓடும் மோட்டார் ஃபேடர்கள் பிட்ச் பெண்ட் என்ற வகை மிடி செய்தியாக அனுப்புகின்றன, படிகள் இன்னும் நெருக்கம். ரீப்பர், லாஜிக், கியூபேஸ் மாதிரி ரெக்கார்டிங் மென்பொருள்கள் எல்லாமே அந்த முறையைப் புரிந்துகொள்ளும்.

மோட்டார் ஃபேடரில் குரலை இழைப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பாடும்போது வரியின் கடைசி எழுத்து பெரும்பாலும் அமுங்கிப் போகும், மூச்சு அங்கேதான் தீரும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸரை அழுத்தினால் கடைசி எழுத்து மேலே வரும், கூடவே மூச்சிரைப்பும் ஃபேன் சத்தமும் வரும். அதற்குப் பதில் மென்பொருளில் ஃபேடர் அசைவைப் பதிந்துகொள்ளும் ஆட்டோமேஷனை ‘டச்’ நிலையில் வைத்து, கண்ணை மூடி, பாட்டை ஓடவிட்டு, அந்த எழுத்து வரும்போது விரலால் கொஞ்சம் தள்ளுங்கள், முடிந்ததும் விரலை எடுங்கள். ஃபேடர் தானாகப் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். அடுத்த முறை ஓட்டும்போது நீங்கள் தள்ளியபடியே அது தானாக நகரும், பிடிக்காத இடத்தில் மட்டும் மறுபடி தொட்டுத் திருத்தலாம். பாட்டைக் கேட்டுக்கொண்டே கை தானாகப் போகிற அந்த வேலையை மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்து யாரும் செய்யமுடியாது. உங்களுக்கு வேண்டியது இதுதான் என்பது உங்கள் கேள்வியைப் படித்ததுமே தெரிந்தது.

இதற்கு ஒரு ஃபேடர் போதும், ஒரு நேரத்தில் ஒரு ட்ராக்கைத்தான் இழைக்கிறோம். ப்ரிசோனஸ் ஃபேடர்போர்ட், பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச் ஒன் இரண்டிலுமே தொட்டால் உணரும் 100 மில்லிமீட்டர் மோட்டார் ஃபேடர் ஒன்று உண்டு. எக்ஸ்-டச் பெரியதில் 9 ஃபேடர், மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஒரே அறையில் பாடிப் பதிவும் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், மோட்டார் நகரும்போது ‘டர்’ என்று சத்தம் வரும், பாடிப் பதிவாகும்போது கண்ட்ரோலரை அணைத்துவிடுங்கள். வாங்கும் முன் சோதித்துப் பார்க்க விரும்பினால், ஐபேடும் லாஜிக்கும் இருக்கிறவர்களுக்கு லாஜிக் ரிமோட் ஆப் இலவசம், சில நாள் விரலால் தள்ளிப் பாருங்கள்.

இன்டர்ஃபேஸில் ஏன் நான்கு ப்ரீஆம்ப் என்றால் அந்த மூன்று மைக்குக்காகத்தான். இங்கேயும் எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4, மோட்டு எம்4 இரண்டிலும் பெயரில் 4 இருக்கிறது, மைக் ப்ரீஆம்ப் 2 தான், மீதி லைன். பெஹ்ரிங்கர் யுஎம்சி404எச்டியில் நான்கும் மைக் ப்ரீஆம்ப், கண்டன்ஸர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரமும் உண்டு.

மிக்சர் ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு, பாடுகிறவரின் ஹெட்போன். மிக்சரில் தாமதம் கிடையாது, உள்ளேயே ரிவர்ப் (கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலி) போட்டுக் கொடுக்கலாம், பாடுகிறவருக்குத் தெம்பு வரும். கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டால் 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபர் (ஒரு தடவை சேர்த்து அனுப்பும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 256 என்றால் ஒரு வழிக்கே 5.3 மில்லிசெகண்ட், போய்த் திரும்ப அதைவிட இரட்டிப்புக்கும் மேல். இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் கேட்கும் டைரக்ட் மானிட்டரில் தாமதம் இல்லை, குரல் வறட்சியாகக் கேட்கும். நான் நேர்க்குரலை டைரக்டாக விட்டு, ரிவர்ப் மட்டும் மென்பொருளிலிருந்து கலந்து அனுப்புகிறேன், ரிவர்ப் சற்றுத் தாமதமாக வந்தால் யாருக்கும் தெரிவதில்லை. அதே போல ஐந்தாறு பேர் ஒன்றாக உட்கார்ந்து பஜனையோ பேண்டோ வாசித்து அதை வாரா வாரம் பதிவு செய்கிற வீடு என்றால் என் பதிலே மாறும், மல்ட்டிட்ராக் மிக்சரை வாங்கச் சொல்வேன்.

இவ்வளவுக்கும் பிறகு மிக்சர்மேல்தான் மனசு போகிறது என்றால் பழையது வாங்குங்கள், சவுண்ட் சர்வீஸ்காரர்கள் அடிக்கடி மாற்றுவார்கள். ஹெட்போனையும் கண்டன்ஸர் மைக்கையும் கூட எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு ஃபேடரையும் அடியிலிருந்து நுனிவரை மெதுவாகத் தள்ளிக் கேளுங்கள், கரகரத்தால் தூசியோ தேய்மானமோ, விலையைக் குறைத்துக் கேட்கலாம். 48 வோல்ட்டைப் போட்டு ஒவ்வொரு மைக் உள்ளீட்டிலும் மைக்கை மாற்றி மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பையும் கொண்டுபோய் யூஎஸ்பியில் இணைத்து, மென்பொருளில் எத்தனை உள்ளீடு தனித்தனியாகத் தெரிகிறது என்று அங்கேயே எண்ணிவிடுங்கள். ‘ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், நின்றுவிட்டால் பெரும்பாலும் அது எர்த் சமாச்சாரம், மிக்சர்மேல் பழி இல்லை.