வாசகர் கேள்வி – பதில்: பெங்களூரு கப்பன் பூங்கா

கேள்வி: வயதான அம்மாவுடனும் பள்ளியில் படிக்கும் மகனுடனும் ஒரு நாள் பயணமாகப் பெங்களூரு செல்லவிருக்கிறோம். கப்பன் பூங்காவை எந்த நாளில், எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்? (வாசகி ஒருவர், சேலம்)

பதில்: ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லுங்கள். மற்ற நாள்களில் பூங்காவின் ஊடே செல்லும் சாலைகளில் வாகனங்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிறன்று அவற்றுக்கு அனுமதி இல்லாததால், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையிலேயே நிதானமாக நடக்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ரயிலில் வந்து இறங்கியதும் மெஜஸ்டிக்கில் ஊதா வழித்தட மெட்ரோவில் ஏறினால், மூன்றாவது நிலையம் பூங்காவின் பெயரிலேயே இருக்கிறது. ஆயினும், அதற்கு முந்தைய விதான சௌதா நிலையத்தில் இறங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அங்கே விதான சௌதாவுக்கு எதிரே நிற்கும் சிவப்புக் கட்டடம்தான் அட்டாரா கச்சேரி. மைசூர் அரசின் பதினெட்டுத் துறைகளுக்காக 1860களில் கட்டப்பட்ட அதில் இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்குகிறது. 1980களில் அதை இடித்துவிடத் திட்டமிட்டார்கள் என்பதை இன்று நம்புவது கடினம். நல்லவேளையாக, நகர மக்களின் எதிர்ப்பால் அது தப்பிப் பிழைத்தது.

அந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறம் சென்றால் பூங்கா தொடங்கிவிடும். கச்சேரியை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கியே 1870இல் பூங்காவையும் வடிவமைத்தார் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அமைப்பின் அழகு புலப்படும். மரங்களுக்கிடையே நேராக நடந்தால், இன்று மாநில மைய நூலகமாக விளங்கும் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தை அடையலாம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர் அவர். சிவசமுத்திரம் நீர்மின் திட்டம் அவர் காலத்தில் தொடங்கப்பட்டதே. அங்கிருந்து 1902இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அம்மா மண்டபத்தின் முன்னுள்ள தோட்டத்தருகே இளைப்பாறட்டும். மகனுக்குப் பால பவனின் சிறுவர் ரயிலும், கஸ்தூர்பா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நேரமில்லையெனில் அருங்காட்சியகத்தையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பூங்காவின் அதிகாரபூர்வப் பெயர் வேறு என்கிறார்களே, உண்மையா? (வாசகர் ஒருவர், ஓசூர்)

பதில்: உண்மைதான். பூங்கா அமைக்கப்பட்டபோது மைசூரின் தற்காலிக பிரிட்டிஷ் ஆணையராக இருந்த ஜான் மீடின் பெயரில் முதலில் மீட் பூங்கா என்றே அழைக்கப்பட்டது. பிறகு, 1834 முதல் 1861 வரை மைசூர் ஆணையராக இருந்த மார்க் கப்பனின் பெயரைப் பெற்றது. 1861லேயே காலமாகிவிட்ட கப்பன் இந்தப் பூங்காவைக் கண்டதே இல்லை. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியின் வெள்ளி விழாவையொட்டி 1927இல் அவருடைய தந்தையின் நினைவாக ஸ்ரீ சாமராஜேந்திரப் பூங்கா என்று பெயர் மாற்றினார்கள். ஆவணங்களில் அந்தப் பெயர் இருந்தாலும், ஆட்டோ ஓட்டுநரிடம் கப்பன் பார்க் என்றே சொல்லுங்கள். உயர் நீதிமன்றத்தின் முன்னிருந்த கப்பனின் குதிரைமீது அமர்ந்த சிலையும் 2020இல் பூங்காவுக்குள் மாற்றப்பட்டுவிட்டது.

கேள்வி: லால்பாக்கைப் பார்த்தவர்கள் இதையும் பார்க்க வேண்டுமா? எந்த மாதம் ஏற்றது? (வாசகி ஒருவர், கோவை)

பதில்: அவசியம் பார்க்க வேண்டும், ஆனால் அதே எதிர்பார்ப்போடு போகாதீர்கள். லால்பாக் ஹைதர் அலி காலத்தில் தொடங்கிய தாவரவியல் தோட்டம். கண்ணாடி மாளிகையும் மலர்க் கண்காட்சியும் அதன் சிறப்புகள். கப்பன் பூங்காவோ அலுவலகங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே சுமார் 300 ஏக்கரில் விரிந்திருக்கும் மரக்கூட்டம்; மூங்கில் புதர்களும் சில்வர் ஓக் வரிசைகளும் தூங்குமூஞ்சி மரங்களுமே அதன் செல்வம். பூக்களைப் பார்க்க விரும்பினால், இளஞ்சிவப்பு டபபூயாவுக்கும் ஊதா நிற ஜகரண்டாவுக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. குல்மோகரின் செந்நிறத்துக்கு ஏப்ரல் இறுதிவரை காத்திருக்க வேண்டும். அப்போது கோடை மழை பிற்பகலில் திடீரென்று கொட்டும் என்பதால், காலையிலேயே சென்று திரும்பிவிடுவது நல்லது.