வாரண்டி எந்த டேபிளில் இருக்கிறது? ஏஐயிடம் கேட்கும் முறை

கேள்வி: மொரிஷியஸில், எபேனில் உள்ள ஒரு நிறுவனத்தின் ஐடி பிரிவில் வேலை பார்க்கிறேன். கணினி, பிரிண்டர் எல்லாம் ஜிஎல்பிஐ மென்பொருளில் பதிவாகியிருக்கின்றன. "ஜூன் 30க்குள் வாரண்டி முடிகிற லேப்டாப்கள் போர்ட் லூயி கிளையில் எத்தனை?" என்று கணக்குப் பிரிவு கேட்கிறது. தரவுத்தளத்தில் நூற்றுக்கணக்கான டேபிள்கள். ஏஐயிடம் கேட்டால், கணினி டேபிளிலேயே வாரண்டி தேதி இருப்பதாக எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) எழுதித் தருகிறது. அப்படி ஒரு நெடுவரிசையே அங்கே இல்லை. எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்: ஏஐ உங்கள் தரவுத்தளத்தைப் பார்த்ததே இல்லை. கணினியின் வாரண்டி கணினி டேபிளில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறது. ஜிஎல்பிஐயில் அப்படி இல்லை. வாங்கிய தேதி, விலை, சப்ளையர், வாரண்டி என்று பணம் சார்ந்த விவரங்கள் எல்லாம் 'இன்ஃபோகாம்ஸ்' என்ற தனி டேபிளில் இருக்கின்றன. கணினி, மானிட்டர், பிரிண்டர் எதுவானாலும் அந்த ஒரே டேபிள்தான். அதனால் எடுத்த எடுப்பில் எஸ்க்யூஎல் கேட்காதீர்கள். முதலில் டேபிளை மட்டும் கேளுங்கள்.

அதற்கு முன் ஏஐயின் கையில் ஒரு வரைபடம் கொடுக்க வேண்டும். ஜிஎல்பிஐயின் தரவைச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருள் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி. இரண்டிலுமே 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா' என்ற பகுதியில் எல்லா டேபிள்களின் பெயரும் நெடுவரிசைகளின் பெயரும் கிடைக்கும். அவற்றை ஒரு கோப்பாக எடுத்து உரையாடலில் சேருங்கள். ஒன்றை மறக்காமல் எழுதிச் சொல்லுங்கள்: ஜிஎல்பிஐ டேபிள்களுக்கு இடையிலான உறவை ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு தரவுத்தளமே பிணைக்கும் விதி) வைத்துக் கட்டுவதில்லை, பெயரிடும் வழக்கத்தில் வைத்திருக்கிறது. 'லொகேஷன்ஸ் ஐடி' என்றால் லொகேஷன்ஸ் டேபிள், 'ஸ்டேட்ஸ் ஐடி' என்றால் ஸ்டேட்ஸ் டேபிள். இதைச் சொல்லாவிட்டால் டேபிள்களுக்குள் தொடர்பே இல்லை என்று ஏஐ எடுத்துக்கொள்ளும். எந்தப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள். எந்தக் கணினியில் எந்த மென்பொருள் என்று காட்டும் டேபிளின் பெயர் 9.5 பதிப்பில் மாறிவிட்டது. இணையத்தில் கிடக்கும் பழைய பதில்களைப் படித்த ஏஐ இன்னமும் பழைய பெயரையே தரும்.

அப்புறம் கேள்வி. உங்கள் கணக்குப் பிரிவு கேட்ட வாக்கியத்தை அப்படியே ஒட்டினால் போதாது. 'லேப்டாப்' என்று தனி டேபிள் கிடையாது. லேப்டாப்பும் மேசைக் கணினியும் 'கம்ப்யூட்டர்ஸ்' டேபிளில்தான் இருக்கின்றன. கணினி வகை என்ற துணை டேபிள்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். சக ஊழியர் பிரெஞ்சில் 'போர்த்தாப்ல்' (லேப்டாப்புக்கும் கைப்பேசிக்கும் அதே சொல்தான்) என்று கேட்டிருந்தால் சிக்கல் இன்னும் கூடும், ஏஐ கைப்பேசி டேபிளைக் காட்டினாலும் காட்டும். "யாருடைய கணினி?" என்பதும் இப்படித்தான். பயன்படுத்துபவர் ஒரு நெடுவரிசை, பொறுப்பான டெக்னீஷியன் இன்னொரு நெடுவரிசை. ஆகவே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"எனக்கு வேண்டிய விடையில் ஒரு வரி என்றால் ஒரு லேப்டாப். ஒவ்வொன்றுக்கும் வாரண்டி தொடங்கும் தேதி, கால அளவு, இருக்கும் இடம் வேண்டும். இணைத்துள்ள பட்டியலிலிருந்து மட்டும், இதற்குப் பொருந்தக்கூடிய டேபிள்களைக் காரணத்தோடு சொல். எந்த நெடுவரிசை எதோடு இணைகிறது என்றும் சொல். பட்டியலில் இல்லாததை எழுதாதே. எஸ்க்யூஎல் இப்போது வேண்டாம்."

'ஒரு வரி என்றால் என்ன' என்று சொல்லும் அந்த முதல் வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பாதித் தவறுகள் அதிலேயே அடைபடும்.

பதில் வந்ததும், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு லேப்டாப்பை வைத்துச் சோதியுங்கள். ஜிஎல்பிஐ திரையில் அதைத் திறந்தால் உலாவியின் முகவரிப் பட்டையில் 'கம்ப்யூட்டர்' என்ற பெயரும் ஓர் ஐடி எண்ணும் தெரியும். எண் 57 என்று வைத்துக்கொள்வோம். இன்ஃபோகாம்ஸில் 'ஐட்டம்ஸ் ஐடி' 57 என்று மட்டும் தேடினால் 57ஆம் மானிட்டர், 57ஆம் பிரிண்டர் எல்லாம் சேர்ந்து வரும். கூடவே 'ஐட்டம்டைப்' கம்ப்யூட்டர் என்றும் சொல்ல வேண்டும். ஏஐ எழுதும் இணைப்பில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சந்தேகம் தீரவில்லையென்றால் சோதனை சர்வரில் மைஎஸ்க்யூஎல்லின் ஜெனரல் லாகை (வரும் எல்லாக் கேள்விகளையும் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு) இயக்கிவிட்டு, அந்தப் பக்கத்தை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். திரை எந்த டேபிளைத் தொட்டது என்று அதுவே வரிவரியாகக் காட்டிவிடும். பார்த்த கையோடு நிறுத்திவிடுங்கள், அந்தக் கோப்பு வேகமாக வீங்கும்.

டேபிள் சரியாக அமைந்தாலும் எண்ணிக்கை தவறலாம். கம்ப்யூட்டர்ஸ் டேபிளிலேயே டெம்ப்ளேட்டுகளும் (புதிய பதிவுக்கான மாதிரிப் படிவங்கள்), குப்பைத்தொட்டிக்குப் போன கணினிகளும் இருக்கின்றன. 'இஸ் டெம்ப்ளேட்', 'இஸ் டிலீட்டட்' இரண்டும் 0 என்று வடிகட்டுங்கள். வாரண்டி முடியும் தேதி எங்கும் எழுதப்பட்டிருக்காது; தொடங்கும் தேதியோடு மாதங்களைக் கூட்டித்தான் பெற வேண்டும். கால அளவு -1 என்றிருந்தால் ஆயுள் முழுக்க வாரண்டி. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால், தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே வாரண்டி முடிந்ததாகக் கணக்கு வரும்! நிதி விவரம் நிரப்பாத கணினிக்கு இன்ஃபோகாம்ஸில் வரியே இருக்காது. லெஃப்ட் ஜாயின் (இன்ஃபோகாம்ஸில் வரி இல்லாத கணினியையும் விடாமல் காட்டும் இணைப்பு) போட்டு அவற்றைத் தனியே எடுத்துக் கணக்குப் பிரிவிடம் காட்டுங்கள், மறைக்காதீர்கள்.

இடம் மரமாகக் கிளைத்திருக்கும்: போர்ட் லூயி, அதற்குள் தளம், அதற்குள் அறை. 'போர்ட் லூயி' என்ற பெயரை மட்டும் பிடித்தால் அறைகளில் பதிவான கணினிகள் விடுபடும். முழுப்பாதை எழுதியிருக்கும் 'கம்ப்ளீட்நேம்' நெடுவரிசையில் தேடச் சொல்லுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் ஓடியதைப் பார்த்தோம். அப்படி ஒரு நாளுக்குப் பிறகு இன்ஷூரன்ஸுக்குக் கொடுக்கும் பட்டியலில் தரைத்தள அறைகள் விடுபட்டால் நஷ்டம் உங்கள் நிறுவனத்துக்குத்தான்.

ஏஐக்கு டேபிள், நெடுவரிசைப் பெயர்கள் மட்டும் போகட்டும். பயனர் பெயர், தொலைபேசி எண் உள்ள வரிகளை அனுப்ப வேண்டாம். அவை தனிநபர் தகவல்கள், 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் நிறுவனத்துக்கும் பொருந்தும். எஸ்க்யூஎல்லை நீங்களே ஓட்டுங்கள், அதையும் படிக்க மட்டும் அனுமதி உள்ள கணக்கில் ஓட்டுங்கள்.