இரவல் கார் எதற்கு, தம்பி?

கேள்வி: தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். வீடு, நிலம் விற்கும் ஏஜெண்ட் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கோலாலம்பூர்க்காரர்களைப் பார்த்து கோட்டு, இரவல் கார் என்று ஃபேஸ்புக்கில் படம் போட்டால் ஊரில் சிரிக்கிறார்கள். எப்படிப் பெயர் எடுப்பது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சிரிக்கத்தான் செய்வார்கள். அப்பாவோடு பால்மரம் வெட்டியவர்கள்தானே உங்கள் வாடிக்கையாளர்கள், அவர்களிடம் யாருடைய காரைக் காட்டுகிறீர்கள்?

முதலில் உங்கள் ஆர்இஎன் அட்டையை, அதாவது வீடு, நிலம் விற்கப் பதிவு பெற்றவர் என்பதற்கான அட்டையைக் காட்டுங்கள். அதிலுள்ள கியூஆர் குறியீட்டை அவர்களே ஸ்கேன் செய்து பார்க்கட்டும். முன்பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கக்கூடாது, நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகவேண்டும் என்பதையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கிராந்தை, அதாவது நிலப் பட்டாவைப் படித்துச் சொல்லுங்கள். நம் ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான்: மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய மலாய் ஒதுக்கீட்டு நிலமா, 99 வருடக் குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம் பாக்கி, பெயர் மாற்ற மாநில அரசின் சம்மதம் வேண்டுமா, விவசாய நிலத்தை வீட்டுமனை என்று யாராவது தலையில் கட்டப் பார்க்கிறார்களா என்று தமிழில் இரண்டு நிமிட வீடியோவாகப் பேசுங்கள், சட்டை கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. மழை பெய்தால் தண்ணீர் ஏறும் தாமான் (குடியிருப்பு) என்றால் அதையும் மறைக்காதீர்கள். அந்த வீடு கைவிட்டுப் போகலாம், போகட்டும், ஒட்டுக்கடையில் உங்கள் பெயரை நல்லவிதமாகப் பேசுவார்கள்.

கோட்டா? சுங்கை சிப்புட் வெயிலில் அது எதற்கு, சொல்லுங்கள்!