ஹைவெல்ட் குளிர்காலமும் ஒட்டிக்கொள்ளும் வைப்பரும்

தம்பி, தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த மிட்ராண்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, டர்பன்காரர் ஒருவரிடம் பழைய கார் வாங்கினேன், ஜூன் பிறந்ததிலிருந்து காலையில் வைப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது, மனைவி ஆறரைக்கெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றலாமா அக்கா என்று கேட்டிருந்தீர்கள். ஊற்றவே ஊற்றாதீர்கள். இங்கே நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடும் காரெல்லாம் கண்ணாடியில் கல் பட்டு ஒரு சின்னப் புள்ளியாவது வாங்கியிருக்கும். உறைந்த கண்ணாடியில் கொதிக்கிற தண்ணீர் பட்டால் அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் ஓட ஆரம்பித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றாலும் அது வழிந்து வைப்பர் அடியில்தான் போய்த் தேங்கும், அங்கேயே மறுபடி உறையும்.

நீங்கள் இணையத்தில் தேடிப் பார்த்திருப்பீர்கள், கனடாக்காரர்கள் சொல்வதுதான் அதிகம் வரும். அங்கே மேலிருந்து கொட்டும் பனியோடு மல்லுக்கட்டுகிறார்கள். நமக்கு அது எப்போதாவது வருவது; ஜோகன்னஸ்பர்க்கில் 2012க்கு அப்புறம் 2023 ஜூலையில்தான் பனி விழுந்தது, எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வெளியே ஓடி வந்து பார்த்தோம். நமக்குத் தினசரித் தொல்லை உறைபனி, ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலையில் புல் வெளுத்துக் கிடக்குமே, அதே சமாச்சாரம். ஹைவெல்ட் என்கிற இந்த மேட்டுநிலத்தில் ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் மழை இல்லை, வானத்தில் மேகமும் இல்லை. மேகமில்லாத இரவில் காரின் கண்ணாடி தன் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் சுற்றியுள்ள காற்றைவிட அது இன்னும் குளிர்ந்துபோகும். போனில் 3 டிகிரி என்று காட்டும்போதே கண்ணாடி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். காற்றில் இருக்கிற கொஞ்ச ஈரமும் அதன்மேல் ஐஸாகப் படிந்து, ரப்பரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே ராத்திரியில் கண்ணாடி வானத்தைப் பார்க்காதபடி செய்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கார்போர்ட் இருந்தால், மேலே வெறும் ஷேட் நெட்தான் கட்டியிருக்கிறார்கள் என்றாலும், அதன் அடியில் நிறுத்துங்கள், வித்தியாசம் முதல் நாளே தெரியும். இலை உதிராத மரத்தடியும் பரவாயில்லை. இரண்டும் இல்லையா, கண்ணாடி மேல் எதையாவது போர்த்துங்கள். வெயிலுக்கு உள்பக்கம் வைக்கிற வெள்ளித்தாள் மறைப்பு இருக்கிறதே, அதையே வெளிப்பக்கம், வைப்பரும் சேர்ந்து மூடும்படி விரித்து, இரு ஓரத்தையும் முன்கதவுக்குள் செருகிச் சாத்தினால் காற்றுக்கும் பறக்காது. பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டாலும் போதும். பழைய பெட்ஷீட்டைப் போர்த்துகிறவர்களும் உண்டு, ஆனால் அது ஈரம் குடித்தால் துணியே கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீடு பள்ளத்தில், ஸ்ப்ரூட் ஓடைக்குப் பக்கத்தில் இருந்தால் குளிர்ந்த காற்று வந்து தேங்குகிற இடம் அது, மேட்டு வீட்டுக்காரர் ஒன்றும் இல்லை என்று சொல்கிற அன்றும் உங்கள் கார் வெளுத்திருக்கும்.

கார் கிழக்கே பார்த்து நின்றால் காலை வெயில் உருக்கிவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஜூனில் இங்கே சூரியன் உதிக்கவே கிட்டத்தட்ட ஏழு மணி. ஆறரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு அதனால் பயனில்லை, அதுவும் ராத்திரியிலேயே குளிர் கடுமையான நேரம் அது.

அடுத்தது சாயங்காலப் பழக்கம். இங்கே பெட்ரோல் போடும் இடத்தில் பையன்கள் அவர்களாகவே வந்து சோப்புத் தண்ணீரில் கண்ணாடி துடைத்துவிடுவார்கள், நல்ல மனசு, டிப்ஸ் கொடுங்கள், ஆனால் குளிர்காலத்தில் அதைக் காலையிலோ மத்தியானமோ வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குத் துடைத்த ஈரம் வைப்பர் அடியில் நின்றால் ராத்திரி உறையாமல் என்ன செய்யும்? கார் கழுவுவதும் புல்லுக்கு ஸ்பிரிங்க்ளர் போடுவதும் அப்படித்தான். நிறுத்தியதும் உலர்ந்த துணியால் ரப்பரின் ஓரத்தையும் அது படுத்திருக்கும் கோட்டையும் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை உங்கள் மனைவிக்கும் அவசியம் சொல்லுங்கள்: இன்ஜினை அணைப்பதற்கு முன்னால் வைப்பர் சுவிட்சை ஆஃப் பண்ண வேண்டும், பின்கண்ணாடி வைப்பரையும்தான். தானாக ஓடும் வகை என்றால் அந்த ஆட்டோ நிலையிலேயே விட்டுவிடக் கூடாது. காலையில் சாவி போட்டதும் ஒட்டிக்கிடக்கிற வைப்பரை மோட்டார் இழுக்கப் பார்க்கும், ஃபியூஸ் போகலாம், ரப்பர் கிழியலாம், உள்ளே இருக்கிற இணைப்புக் கம்பி நழுவினால் செலவு பெரிது.

வைப்பரைத் தூக்கி நிறுத்தி வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் சில கார்களில் அது பானெட்டுக்கு அடியில் மறைந்திருக்கும், சும்மா தூக்கினால் இடிக்கும், சர்வீஸ் நிலைக்கு, அதாவது வைப்பர் கண்ணாடியில் மேலே வந்து நிற்கும் நிலைக்கு, கொண்டுவந்துதான் தூக்க வேண்டும். ஆகஸ்டில் ஹைவெல்டில் அடிக்கிற காற்றில் தூக்கிய வைப்பர் படாரென்று கண்ணாடியில் விழும். போர்த்தி வைப்பதுதான் என் கட்சி.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் உறைந்துவிட்டது என்று வையுங்கள். பார்மசியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கிடைக்கும், அதில் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, ஸ்ப்ரே பாட்டிலில் கலந்து வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள், கேஸ் ஹீட்டர் பக்கமும் பிள்ளை கைக்கு எட்டும் இடத்திலும் வேண்டாம். சூப்பர்மார்க்கெட்டில் விற்கிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் வேலை செய்யும், ஆனால் அந்த வாடை காருக்குள் வந்து பிள்ளைக்குத் தலைவலி கொடுக்கும். வைப்பர் படுத்திருக்கும் கோட்டில் நன்றாக அடித்து ஒரு நிமிஷம் பொறுங்கள், அப்புறம் ரப்பரைப் பிடித்து இழுக்காமல் கம்பியைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். மீதிக் கண்ணாடிக்கு பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர், இல்லாவிட்டால் காலாவதியான பேங்க் கார்டு. கத்தி, கரண்டி, சாவி எதுவும் கண்ணாடியில் படக் கூடாது. முழுக் கண்ணாடியையும் சுரண்டுங்கள், ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏழு மணிக்குத் தாழ்ந்த வெயில் எதிரே அடிக்கும்போது பாதி சுரண்டிய கண்ணாடியில் ரோடே தெரியாது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போகிற நேரம் அது.

கண்ணாடிக்குச் சூடான காற்று விடும்போது ஏசியையும் சேர்த்துப் போடுங்கள், ஏசி ஈரத்தை எடுத்துவிடும், உள்பக்கம் மூடுபனி கட்டாது. உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வையுங்கள்.

ஆனால் இந்த நாட்டில் ஒரு விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம். கண்ணாடி உருகட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டு டீ குடிக்க உள்ளே போகாதீர்கள், கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவ்வேயில் நின்று சுரண்டவும் வேண்டாம். கார் பறிப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது இந்த மாதிரி இருட்டு நேரத்தையும் திறந்த கேட்டையும்தான். கேட் பூட்டியிருக்கும்போதே சுரண்டி முடித்து, எல்லாரும் உள்ளே உட்கார்ந்து கதவைப் பூட்டிய பிறகு கேட்டைத் திறக்கட்டும். மூடிய கராஜுக்குள்ளும் இன்ஜினை ஓடவிடக் கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

டர்பன் கார் என்றீர்களே, அதனால் சொல்கிறேன். கடற்கரை ஊரில் உறைபனியே கிடையாது, வாஷர் டேங்கில் வெறும் குழாய்த் தண்ணீர்தான் இருக்கும். பெரிய குளிர் வருவதற்குள் அதை அடித்தே காலி பண்ணிவிட்டு, உறையாத வகை ஸ்க்ரீன்வாஷ் ஊற்றுங்கள். ரேடியேட்டர் கூலன்ட்டை அதில் ஊற்றக் கூடாது, கண்ணாடி வழவழத்துப்போகும், பெயின்ட்டுக்கும் கெடுதல், சிந்தினால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிச் செத்துப்போகும். ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கிறதா வெறும் தண்ணீரா என்பதையும் மெக்கானிக்கிடம் பார்த்துவிடுங்கள். ஓடுகிற வண்டியில் கண்ணாடி சூடாகும் முன் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், காற்றுப் பட்டு அப்படியே ஐஸாகி எதிரே மறைத்துவிடும்.

ஆடி மாதம் மாரியம்மன் கஞ்சிக்கு டர்பன் போவதாக இருந்தால் இருட்டோடு கிளம்பாதீர்கள். என்3 சாலையில் ஹாரிஸ்மித், வான் ரீனன் கணவாய்ப் பக்கம் குளிர் நம் ஊரைவிடக் கடுமை. 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டி ராத்திரி முழுக்க வண்டிகள் சிக்கிக்கொண்டன. கம்பளியும் தண்ணீரும் அந்த ஸ்ப்ரே பாட்டிலும் காரில் இருக்கட்டும், முந்தின நாள் வானிலை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

மழையே இல்லாத இந்த மாதங்களில் வைப்பரை யாரும் நினைப்பதில்லை, ரப்பர் வெயிலில் காய்ந்து விறைத்துக் கிடக்கும், முதல் இடிமழை வரும்போதுதான் கோடு கோடாக இழுக்கும். விரலால் தடவிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் செப்டம்பருக்குள் மாற்றிவிடுங்கள். கார் எந்த மாடல் என்று எழுதுங்கள் தம்பி, வைப்பரைத் தூக்க அதில் சர்வீஸ் நிலை உண்டா என்று கேட்டுச் சொல்கிறேன்.