பிரேசில் புல்வெளிப் பாம்பு ஏன் வாலைக் கிலுக்குகிறது?

பிரேசிலின் செராடோ புல்வெளியில் வாழும் கிலுகிலுப்பைப் பாம்பு, விரியன் இனத்தைச் சேர்ந்தது. அங்கே அதன் பெயர் காஸ்கவேல். சிறு மணி என்று பொருள். சதங்கை என்றே நாம் சொல்லலாம்.

எலி போன்ற கொறித்துண்ணிகள்தான் இதன் முக்கிய இரை. காடு பிடிக்காது, வெட்டவெளிதான் பிடிக்கும். அதனால் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களுக்கும் பரவிவருகிறது.

வால் சத்தம் ஓர் எச்சரிக்கை. பெரிய விலங்கு மிதித்துவிட்டால் பாம்புக்கும் ஆபத்து. தின்ன முடியாத ஒன்றின்மேல் நஞ்சைச் செலவழிப்பதும் வீண். "இங்கே இருக்கிறேன், விலகிப் போ" என்கிறது, அவ்வளவுதான்.

கிலுகிலுப்பைக்குள் மணியோ விதையோ கிடையாது. நம் நகம் எதனால் ஆனதோ, அதே பொருளாலான வெற்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்திருக்கும். கை நிறைய வளையல் போட்டுக் கையை உதறினால் கலகலக்குமே, அப்படித்தான். குட்டி போடும் பாம்பு இது. பிறந்த குட்டியின் வாலில் ஒரே ஒரு குமிழ்தான் இருக்கும். ஒற்றை வளையலில் ஏது சத்தம்?

கடித்தால் இமைகள் சொருகும், தசை சிதையும், சிறுநீர் கறுக்கும், சிறுநீரகம் பழுதாகலாம். அந்நாட்டின் இன்னொரு விரியனான ஜராராக்காவின் நஞ்சுமுறி மருந்து இதற்குக் கேட்காது. இப்படி ஒவ்வொரு வகைக்கும் தனி மருந்து வேண்டும் என்று நிறுவியவர் பிரேசில் மருத்துவர் விட்டல் பிரேசில். எத்தனை உயிர்களைக் காத்த கண்டுபிடிப்பு!

வளையங்களை எண்ணி வயதைச் சொல்லலாம் என்பது தவறு: தோலுரிக்கும்போதெல்லாம் ஒன்று கூடும், ஆண்டில் பலமுறை உரிக்கும், பழையவை உடைந்தும் விழும்.